ஐந்தாவது படத்தில் இருந்தவர்

எக்ஸ்ரே அக்காவுக்கு அசைகிறவர்களைக் கண்டால் ஆகாது. ஆஸ்பத்திரியின் தரைத்தளத்தில், ஈயத்தகடு அடித்த கதவுக்குப் பின்னால், இருபத்திரண்டு வருடமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தது இரண்டே வாக்கியம்: "மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க." கேட்டவர்கள் நல்லவர்கள், கேட்காதவர்கள் கெட்டவர்கள். மனிதர்களை அவள் தரம் பிரித்த விதம் அவ்வளவுதான். கை முறிந்து துடிப்பவரிடமும் "வலிக்கத்தான் செய்யும், அதுக்காக ஆடணுமா?" என்று கேட்டுவிடுவாள். பிறகு தானே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள்.

அவளுடைய கல்யாணமே அங்கேதான் ஆரம்பித்தது. காறை எலும்பு முறிந்து வந்த ஒரு லிஃப்ட் மெக்கானிக், நான்கு தடவை அசைந்து நான்கு படங்களைக் கெடுத்தார். ஐந்தாவது தடவை அவள் போட்ட அதட்டலில், வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார்களாம். எலும்பு கொஞ்சம் கோணலாகக் கூடி, அவருடைய இடது தோள் வலது தோளைவிட இரண்டு விரல் இறங்கி நின்றுவிட்டது. கட்டுப் பிரித்த மறுவாரமே அவர் தன் அண்ணியைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தார். எனக்குள்ளே இருப்பதையெல்லாம் ஏற்கெனவே பார்த்துவிட்டவள், இனி ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது என்று அன்று சொன்ன நகைச்சுவையை, பதினெட்டு வருடமாகப் போகிற விசேஷ வீடெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவர்களும் சலிக்காமல் சிரித்தார்கள்.

படம் பிடிக்கிற பைத்தியம் அவளுக்கு நாற்பதுக்கு மேல்தான் பிடித்தது. எலும்பு டாக்டர் ஒருவர் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை இவளிடம் தள்ளிவிட்டார். ஆட்களைப் படமெடுக்க அவள் முயலவே இல்லை. ஆட்கள் அசைவார்கள். மலை, மரம், தண்ணீர், கட்டடம் இவற்றோடு நிறுத்திக்கொண்டாள். அதிலும் ஒரு சிக்கல் இருந்தது. வானத்தின் வெளிச்சத்துக்குக் கேமராவைச் சரிசெய்தால் மரநிழல் கரியாகிவிடும். நிழலுக்குச் சரிசெய்தால் வானம் வெளுத்துப்போகும். மனிதக் கண் இரண்டையும் ஒரே நேரத்தில் பார்த்துவிடுகிறது, கேமராவுக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை.

அதற்கு ஒரு வழி உண்டு என்று தெரிந்துகொண்டாள். கேமராவை முக்காலியில் ஆடாமல் நிறுத்தி, ஒரே காட்சியை ஐந்து தடவை எடுக்க வேண்டும். முதல் படம் இருட்டாக இருக்கும், அதில் மேகம் மட்டும் தெளிவாகத் தெரியும். அடுத்தடுத்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொண்டே போனால், ஐந்தாவது படத்தில் வானம் முழுக்க வெள்ளையாகிவிடும். ஆனால் நிழலுக்குள் கிடக்கும் கல்லும் புல்லும் பட்டப்பகல் போலத் தெரியும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரிடம் ஐந்தையும் கொடுத்தால், ஒவ்வொன்றிலும் நல்லதை எடுத்து ஒரே படமாகச் சேர்த்துவிடும்.

சேர்க்கும்போது ஒரு சின்னக் கட்டம் வரும். ஐந்து படத்துக்கும் நடுவே ஏதாவது நகர்ந்திருந்தால், அது இரண்டு மூன்றாகப் பேய்போலத் தெரியும். அந்தக் கட்டத்தில் டிக் போட்டால், அசைந்ததையெல்லாம் கம்ப்யூட்டரே துடைத்துவிடும். இதைக் கண்டுபிடித்தவனுக்குக் கோயில் கட்டலாம் என்று எக்ஸ்ரே அக்கா நினைத்தாள். டிக் போடாமல் அவள் ஒரு படத்தையும் சேர்த்ததில்லை.

புதன்கிழமை அவளுக்கு வார விடுமுறை. கணவர் காலை ஏழு மணிக்கு கேரியரைத் தூக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பியதும், இவள் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்க்கோடியில் இருக்கும் குடிநீர் ஏரிக்குப் போவாள். எதிர்க்கரையில் ஓடாத பம்ப் ஹவுஸ் ஒன்று இருந்தது. எட்டு மணி வாக்கில் சூரியன் அதன் கூரைக்குமேல் வந்து உட்காரும். அதன் நிழல் இவள் பக்கமாக விழுந்து, பம்ப் ஹவுஸின் படிக்கட்டே தெரியாத அளவுக்குக் கருத்துக் கிடக்கும். வெறுங்கண்ணால் அந்தப் பக்கம் பார்த்தால் கண் கூசிக் கண்ணீர்தான் வரும். ஒரு வருடம், ஒரே இடம், ஒவ்வொரு புதனும் ஐந்து கிளிக் என்பது அவள் திட்டம். "அஞ்சு கிளிக் கிளம்பியாச்சா?" என்று கணவர் அவளைக் கிண்டல் செய்வார். குழம்புக்கு உப்பு பார்ப்பதையும் ஐந்து தடவை செய்கிறாள் என்று அவருக்கு ஒரு குறை.

அந்த வருடத்துப் படங்களில் ஒன்று ஆஸ்பத்திரி நிர்வாகியின் கண்ணில் பட்டுவிட்டது. நோயாளிகள் காத்திருக்கும் கூடத்தில் எட்டடி அகலத்துக்கு மாட்டலாம் என்றார். எக்ஸ்ரே அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கீழே அவள் பெயரையும் போடுவார்களாம். கணவரிடம் சொன்னபோது அவர் முதலில் "எந்தப் புதன்கிழமை படம்?" என்றுதான் கேட்டார். தேதியைச் சொன்னாள். நல்ல படம்தான் என்று சொல்லி, சட்டையைத் தேய்க்கப் போய்விட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், காலை ஷிஃப்ட் முடிந்து அவள் வீட்டுக்கு வந்த நேரத்தில், பிரிண்டிங் கடைக்காரர் போன் செய்தார். பம்ப் ஹவுஸ் நிழலுக்குள், படிக்கட்டு ஓரத்தில், துணியால் தேய்த்தது போல ஒரு திட்டு தெரிகிறது, சின்னதாகப் பார்த்தால் தெரியாது, எட்டடியில் அசிங்கமாகிவிடும், ஒரிஜினல் படங்களைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்றார்.

அவளுக்கு அந்தத் திட்டு புதிதல்ல. ஒவ்வொரு வாரமும் துடைக்கப்போகும் இடத்தைக் கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டும்போது, அந்தப் படிக்கட்டு ஓரம்தான் சிவக்கும். ஏதோ செடி காற்றில் ஆடுகிறது என்று விட்டுவிட்டாள். ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிற பழக்கம் அவளுக்கு இல்லை. மொத்தமாகக் கொடுத்து, டிக் போட்டு, சேர்த்துவிடுவாள். அன்றுதான் முதல்முறையாக ஐந்தாவது படத்தைத் தனியாகத் திறந்தாள்.

வானம் வெள்ளைத் துணியாகக் கிடந்தது. நிழல் விலகிப் படிக்கட்டு பளிச்சென்று தெரிந்தது. மூன்றாவது படியில் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். அவள் பெரிதாக்கினாள். முகம் தெளியவில்லை. ஆனால் முகம் தெரிவதற்கு முன்பே தோள் தெரிந்துவிட்டது. இடது தோள் இரண்டு விரல் கீழே.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உலகத்தில் அந்தத் தோளை எலும்போடு அறிந்தவள் அவள் ஒருத்திதான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. இன்னும் பெரிதாக்கினாள். கம்பெனி சட்டை, கையில் மஞ்சள் பட்டை. மடியில் மூன்றடுக்கு கேரியர். கொக்கி உடைந்துபோனதால் போன மழைக்காலத்தில் அவளே மாட்டிவிட்ட சிவப்பு ரப்பர் பட்டை.

வேலை நாள். காலை எட்டு மணி. அந்த நேரத்தில் அவர் நகரத்தின் மறுகோடியில் ஏதோ ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும்.

முந்தின புதனைத் திறந்தாள். அதே படி, அதே தோள். அதற்கு முந்தினது. அதிலும் இருந்தார். அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆனால் விரல் மட்டும் நிற்காமல் திறந்துகொண்டே போனது. ஒன்றில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒன்றில் குனிந்திருந்தார். ஒன்றில் வலது கையைத் தலைக்குமேல் தூக்கியிருந்தார், எதற்கென்று தெரியவில்லை. பக்கத்தில் வேறு யாராவது இருக்கிறார்களா என்று ஒவ்வொரு படியாகத் தேடினாள். சேலை நுனி, செருப்பு, கைப்பை, எதுவும் இல்லை. இருந்திருந்தால் சண்டை போட ஒரு ஆளாவது கிடைத்திருக்கும். தனியாக உட்கார்ந்திருக்கும் மனுஷனோடு என்னவென்று சண்டை போடுவது?

படிக்கட்டு வெறிச்சென்று இருந்த முதல் புதன் வர, எட்டு மாதம் பின்னால் போக வேண்டியிருந்தது. எண்ணிப் பார்த்தாள். முப்பத்து மூன்று புதன்கிழமை. முப்பத்து மூன்று தடவை அவரை நேருக்கு நேர் படமெடுத்திருக்கிறாள். முப்பத்து மூன்று தடவை வீட்டுக்கு வந்து, டிக் போட்டு, தன் கையாலேயே துடைத்திருக்கிறாள். நாற்காலியை விட்டு எழுந்தவள், எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் ஆறரைக்கு அவர் வந்தார். நான்கு மாடியும் படியேறி வந்த மூச்சு வாங்கல். கொஞ்ச காலமாக அவர் லிஃப்டில் ஏறுவதில்லை. தொப்பையைக் குறைக்கிறேன் என்றார். தொப்பையும் குறைந்தது. ஆஸ்பத்திரியில் எல்லாரிடமும் அவள் பெருமையடித்திருக்கிறாள். குடியிருப்பு லிஃப்ட் நின்றுபோன அன்று கீழ்வீட்டுக்காரர் வந்து கூப்பிட்டபோது, அது வேறு கம்பெனி, நான் கை வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். அதற்கு அவள் அவரைத் திட்டியும் இருக்கிறாள்.

"வேலை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

பதினாலு மாடிக் கட்டடத்தில் ஆறாவது மாடிக் கதவு சரியாக மூடவில்லை, சென்சாரில் தூசி, துடைத்ததும் சரியாகிவிட்டது என்று அவர் நிதானமாகச் சொன்னார். சொல்லிவிட்டு அவளைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் அவள் ஆடிப்போனாள். பொய் சொல்கிறவர் பார்வையை விலக்குவார் என்றுதான் இதுவரை நினைத்திருந்தாள். இவர் கண்ணைப் பார்த்துச் சிரிக்கிறார். பதினெட்டு வருடமாகப் பக்கத்தில் இருந்தது யார் என்றே தெரியவில்லை. தலைவலி என்று சொல்லிப் போய்ப் படுத்தாள்.

மறுநாள் புதன். ஏழு மணிக்கு அவர் கிளம்பினார். "இன்னைக்கும் போறியா?" என்று கேட்டார். போகிறேன் என்றாள். கேரியரை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். அவள் வழக்கமான கரையில் நிற்கவில்லை. முக்காலியைப் பையோடு தூக்கிக்கொண்டு, முள்ளும் கல்லுமான கரையைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனாள். வழியெல்லாம் கேள்விகளை வரிசைப்படுத்தினாள். ஏமாற்றினதுக்கு ஒன்று, இளிச்சவாயாக்கினதுக்கு ஒன்று, அந்தச் சிரிப்புக்கு ஒன்று. மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் சரியாக இல்லையென்றால் இன்றே தங்கை வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு கட்டியிருந்தாள்.

அவர் மூன்றாவது படியில் உட்கார்ந்திருந்தார். அக்கரையில் அவள் வழக்கமாக நிற்கும் இடத்தைக் கண் இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார். திடுக்கிடுவார், எழுந்து ஓடப் பார்ப்பார் என்று நினைத்தாள். அவரோ நகர்ந்து உட்கார்ந்து படியில் அவளுக்கு இடம் விட்டார்.

"இன்னைக்குப் படம் எடுக்கலையா?"

வரிசைப்படுத்திய கேள்விகள் எல்லாம் கலைந்துபோயின. "உங்களுக்கு வேலை எப்பப் போச்சு?" என்றுதான் வாயில் வந்தது.

"உனக்குத்தான் தெரியுமே" என்றார் அவர். "முதல் நாளே பாத்துட்டியே."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் மடமடவென்று பேச ஆரம்பித்தார். யாராவது கேட்டால் சொல்வதற்கென்று எட்டு மாதமாகத் தயாராக இருந்ததுபோல வந்தது பேச்சு. ஒரு நாள் லிஃப்ட் கூண்டின் மேல் நின்று வேலை செய்துகொண்டிருந்தபோது பிரேக் வழுக்கி, கூண்டு அவரோடு மூன்று மாடி கீழே விழுந்தது. அவசரப் பிடி கவ்விக்கொண்டதால் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். மறுநாள் வேலைக்குப் போய், திறந்து நின்ற லிஃப்டின் முன்னால் நின்றார். கால் எழும்பவில்லை. கையில் குழந்தையோடு ஒரு பெண் அவரைத் தாண்டி உள்ளே போய், "வரலையா சார்?" என்று கேட்டாளாம். மூன்று வாரம் முயன்று பார்த்தார். பிறகு தானே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். கம்பெனி கடைசியாகக் கொடுத்த பணத்தைச் சம்பளம்போல மாதாமாதம் வீட்டில் கொடுத்துவந்தார். லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்ட் என்றால் பயம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? ஊரே கைகொட்டிச் சிரிக்கும்.

"எங்க போறதுன்னு தெரியாமதான் முதல் தடவை இங்க வந்து உக்காந்தேன். அன்னைக்குப் புதன்கிழமைங்கறதே மறந்துபோச்சு. பாத்தா நீ அந்தக் கரையில கேமராவை என்னை நோக்கியே திருப்பி வச்சிருக்கே. எனக்கு உயிரே போயிடுச்சு. அசையாம உக்காந்திருந்தேன். நீ அஞ்சு தடவை எடுத்தே. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி சாப்பாடு போட்டே. வேலை எப்படி இருந்துச்சுன்னு கேட்டே."

அவள் மறுக்க வாயெடுப்பதற்குள் அவர் தொடர்ந்தார்.

"அப்பவே புரிஞ்சிடுச்சு. நான் வெக்கப்படக் கூடாதுன்னு நீ கேக்காம இருக்கேன்னு. நானாச் சொல்ற வரைக்கும் நீ காத்திருக்கேன்னு. அதான் மத்த நாள் எங்க சுத்தினாலும் புதன்கிழமை மட்டும் தவறாம இங்க வந்துடுவேன். வாரத்துல ஒருத்தராவது நான் இருக்கற இடத்தைப் பாக்கட்டுமேன்னு. ஒரு தடவை கையைக்கூட ஆட்டினேன்."

அந்தத் தூக்கிய கை அவள் கண்முன் வந்து நின்றது. அது அவளுக்காகத் தூக்கிய கை. நேற்றுச் சிரித்த சிரிப்பும் பொய்யன் சிரிப்பல்ல. இரண்டு பேருக்கும் தெரிந்த ரகசியம் என்று நம்பிச் சிரித்தது. மூன்றாவது கேள்விக்குக் கேட்காமலே பதில் கிடைத்துவிட்டது, ஆனால் அது அவள் தலையிலேயே இடியாக இறங்கியது. இப்போது அவள் பேசாமல் இருந்தால் போதும். எட்டு மாதமாக எல்லாம் தெரிந்தும் காட்டிக்கொள்ளாமல் அவரைத் தாங்கிய மகராசி என்ற பட்டம் அவளுக்கே. கடைசிவரை அவர் அதை நம்பிக்கொண்டிருப்பார்.

ஆனால் இல்லாத பட்டத்தைச் சுமக்க அவளால் முடியவில்லை.

"நான் பாக்கலைங்க" என்றாள். "நிழல்ல உங்களைத் தெரியவே இல்ல. நேத்துதான் பாத்தேன். அதுவும் பிரிண்டிங் கடைக்காரர் சொல்லி. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்குப் போய் உங்களைத் துடைச்சிட்டேன். ஆடுதேன்னு துடைச்சிட்டேன்."

அழுகை வந்தது. அடக்கவில்லை. அவர் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் முகத்தில் கோபம் இல்லை. கூண்டு இன்னொரு தடவை விழுந்ததுபோல முகம் வெளுத்துப்போயிருந்தது.

"அப்போ," என்றார் மெதுவாக, "இத்தனை நாளும் எனக்கு மட்டும்தான் தெரியுமா?"

அவருடைய இடது தோளில் கை வைத்தாள். கோணலாகக் கூடிய அந்த எலும்பு விரலுக்கடியில் தட்டுப்பட்டது. அந்தத் தோள் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆடாதீர்கள் என்று அவள் சொல்லவில்லை. வெயில் படிக்கட்டுக்கு இறங்கி வரும்வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள். அவர் கேரியரைத் திறந்து அவளுக்குப் பாதி கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பியபோது முழங்கால் வலியைப் பொருட்படுத்தாமல் நான்கு மாடியும் அவரோடு படியேறினாள். முக்காலியை அவர் வாங்கிக்கொண்டார். மூன்றாவது மாடியில் கொஞ்சம் நின்று மூச்சு வாங்கினார்கள்.

மாலையில் அந்த ஐந்து படங்களையும் மறுபடி சேர்த்தாள். சின்னக் கட்டம் வந்தது. டிக்கை எடுத்துவிட்டு, படத்தைக் கடைக்கு அனுப்பினாள். ஒரு மணி நேரத்தில் போன் வந்தது. அவர் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

அந்தத் திட்டு போய்விட்டது, ஆனால் அதே இடத்தில் இப்போது ஒரு ஆள் வந்துவிட்டார், தலை வேறு லேசாக இரண்டாகத் தெரிகிறது, ஆஸ்பத்திரியில் பேய் என்று பயந்துவிடப் போகிறார்கள், ஒரு நிமிஷத்தில் நானே துடைத்துவிடட்டுமா என்று கேட்டார் கடைக்காரர்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

"வேண்டாம்" என்றாள் எக்ஸ்ரே அக்கா. "அதுல கை வைக்காதீங்க. அவரு அங்கதான் இருந்தாரு."